கன்னிமூலை மண்

தேவகி எங்கள் வீட்டுக்குள் ஒரு காலை வைத்தவள், மறு காலை வைக்காமல் நின்றுவிட்டாள். கையில் பழம் வாங்கி வந்த பை தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கைச் சுளிக்கவில்லை. தெரிந்த ஆளைக் கூட்டத்தில் கண்டுகொண்டவள்போல முகம் மாறியது.

"இந்த வாசம் இங்க எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

என் மனைவி சொர்ணத்துக்கு மானம் போய்விட்டது. "அதை ஏன் கேக்கீங்க! ஆடி மாசத்துல இருந்து இந்த நாத்தம். எலி செத்துக் கெடக்கான்னு பரண் பூரா பாத்தாச்சு. சாக்கடையைத் தோண்டியாச்சு. பினாயில் ஊத்துனா செத்த நேரம் அடங்குது, பெறகு இந்தா இருக்கேங்குது."

தேவகி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றினாள். யாரும் வழி சொல்லாமலே முன்னறையைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டி, புறவாசலில் இறங்கினாள். தென்மேற்கு மூலையில் போய் நின்றாள். வாடை அங்கேதான் அதிகம்.

"இது எங்க தோட்டத்து வாசம்" என்றாள். "ரப்பர் பால் உறைஞ்சு புளிச்சா இப்படித்தான் இருக்கும். நான் பிறந்து வளர்ந்ததே இந்த வாசத்துலதான்."

தச்சநல்லூரில் எங்கள் தெருவில் ரப்பர் மரம் கிடையாது. பக்கத்துத் தெருக்களிலும் நான் பார்த்ததில்லை.

பின்கட்டில் கட்டிலில் படுத்திருந்த என் அம்மா தலையைத் தூக்கினாள். "யாருலே அது? வந்ததும் வராததுமா நேரா பிள்ளைகிட்ட போயி நிக்கா?"

அம்மா எந்தப் பிள்ளையைச் சொன்னாள் என்பது விளங்க, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எஸ்தர் டீச்சரின் அண்ணன்

தேவகியைப் பற்றி, பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரில் முன்பு ஒரு வாரம் நாலைந்து வரி எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதன்பிறகு இன்றுவரை வாடகைப் பாத்திரக் கடைதான். கல்யாண வீட்டுக்கு அண்டா, வாளி, ஜமுக்காளம் கொண்டுபோய் இறக்குவேன். இறக்கிவிட்டு, சாப்பிடக் கூப்பிடுவார்களோ என்று பயந்து ஓடி வந்துவிடுவேன். "வே முத்து, மாப்பிள்ளை கூட இம்புட்டு வெக்கப்படலவே" என்று கடை அண்ணாச்சி கேலி செய்வார். என் சுபாவம் சின்ன வயதிலேயே அப்படி.

எங்கள் வகுப்புக்கு எஸ்தர் டீச்சர் பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். அவருடைய அண்ணன் மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் வாத்தியார். அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டு, இங்குள்ள பிள்ளைகளையும் அங்குள்ள பிள்ளைகளையும் கடிதம் எழுத வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பெயர் வந்தது. பையன்களுக்கெல்லாம் பையன் பெயர். எனக்கு மட்டும் தேவகி.

"லே, மலேசியா மாப்பிள்ளை!" என்று வகுப்பே கத்தியது. நான் அழுதுவிட்டேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தால் அழுகை போய்விட்டது. பக்கத்து பெஞ்சுப் பெண்ணிடம் அழிரப்பர் தா என்று கேட்க வாய் வராத நான், கடல் தாண்டி இருந்த ஒருத்தியிடம் எங்கள் ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல் வந்தது வரைக்கும் எழுதினேன்.

கடிதத்தோடு ஏதாவது ஒரு பொருளும் போகும், வரும். அவள் ரப்பர் விதை அனுப்பினாள். பழுப்பில் புள்ளி போட்டு வழவழவென்று இருக்கும். சிமெண்டுத் தரையில் நன்றாகத் தேய்த்து அடுத்தவன் தொடையில் வைத்தால் அலறிவிடுவான். மிட்டாயோடு இலவசமாக வந்த பச்சைக்கல் மோதிரம் ஒன்று. தன் பள்ளிக்கூட உடுப்பிலிருந்து பிய்ந்த நீலப் பொத்தான் ஒன்று.

நான் தாமிரபரணியில் பொறுக்கிய வெள்ளைக் கூழாங்கல் அனுப்பினேன். மயிலிறகு, பஸ் டிக்கெட், ஒரு தடவை கருப்பட்டித் துண்டு. அது போய்ச் சேர்ந்தபோது உறைக்குள் எறும்புதான் இருந்ததாம். "உங்கள் ஊர் எறும்பு நன்றாக இருக்கிறது" என்று பதில் எழுதினாள்.

ஒருமுறை அவள் மண் கேட்டாள். தாத்தா இந்தியாவிலிருந்து வந்தவராம், வீட்டில் வேறு யாரும் அந்த மண்ணைக் கண்ணால் பார்த்ததில்லையாம்.

தெரு மண்ணில் கோழி எச்சம். ஆற்றில் இருப்பது மணல். எங்கள் புறவாசலின் தென்மேற்கு மூலையில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்ன மேடு உண்டு. யாரும் அதை மிதிக்க மாட்டார்கள். அம்மா அதைச் சுற்றிப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பாள். அந்த மண் சலித்த மாவு மாதிரி இருக்கும். இருப்பதில் நல்லதைத்தானே சிநேகிதிக்குக் கொடுக்க வேண்டும்? ஒரு பிடி அள்ளி, காகிதத்தில் பொட்டலம் கட்டி, எஸ்தர் டீச்சரிடம் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்திருந்த அவருடைய அண்ணன், திரும்பிப் போகும்போது பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்.

செண்பகம்

அந்த மேடு என் அக்கா.

நான் பிறப்பதற்கு முன்பே, நாலு வயதில், காய்ச்சலில் போய்விட்டவள். பெயர் செண்பகம். எங்கள் பக்கம், கல்யாணம் ஆகாமல் போய்விட்ட பெண் பிள்ளையைக் கன்னி என்று வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். வருடத்துக்கு ஒரு பாவாடை சட்டை எடுத்து ஓலைப் பெட்டியில் வைத்து விளக்கேற்றுவார்கள். வீட்டில் எது நடந்தாலும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள்.

புதைத்த இடத்திலிருந்து என் அப்பா ஒரு பிடி மண் கொண்டுவந்து அதை உள்ளே வைத்துப் புறவாசலில் அந்த மேட்டைக் கட்டினார். தென்மேற்குத் திசைக்கே எங்கள் பக்கம் கன்னிமூலை என்றுதான் பெயர். பிடிமண் எங்கே போகிறதோ அங்கே ஆளும் போகும். எங்கள் ஊர்ச் சாமிகள் பலவும் ஊர்விட்டு ஊர் போனது இப்படி ஒரு பிடி மண்ணில்தான். பெரியவர்களுக்கெல்லாம் இது தெரியும். எனக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. "அங்கன மிதிக்காதலே" என்பார்கள். நானும் மிதித்ததில்லை.

செண்பகம் அம்மாவின் கனவில் அடிக்கடி வருவாளாம். தலை சீவி விடச் சொல்லி முன்னால் வந்து உட்காருவாளாம். திடீரென்று ஒரு வருடம் வருவது நின்றுபோனது. மேடும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கோழி கிளறிவிட்டது என்று நினைத்த அம்மா, வீட்டிலிருந்த கோழிகளையெல்லாம் பிடித்து விற்றுவிட்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் கோழி வளர்த்ததில்லை. மேட்டைப் புது மண் போட்டு நிமிர்த்தினாள். கனவு வரவில்லை.

குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு மாலை போட்டாள். குறத்தி வேஷம் கட்டிக்கொண்டு, தட்டேந்திக் கடைத்தெருவெல்லாம் காணிக்கை கேட்டுப் போனாள். "என்ன வேண்டுதல்க்கா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். "பிள்ளை வரணும்" என்றாளாம் அம்மா. "இந்த வயசுலயாக்கா!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாளாம். இதை அம்மாவே சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் எழுந்து புறவாசலுக்குப் போய்விடுவாள்.

வருடா வருடம் பாவாடை எடுப்பது மட்டும் நிற்கவில்லை. விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, "அவ இங்கன இல்லலே. ஆளில்லா வீட்டுக்கு வெளக்கு வச்ச மாதிரி இருக்கு" என்பாள்.

நான் ஒரு பிடி மண் எடுத்தது வீட்டில் யாருக்கும் தெரியாது; அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

பாப்பா

தேவகி அம்மாவின் கட்டிலுக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். என் தொடரைக் கைப்பேசியில் படித்துவிட்டு, பத்திரிகை அலுவலகம் மூலமாக என்னைக் கண்டுபிடித்து வந்தவள். தலை பாதி நரைத்திருந்தது. அவளை 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று தெரியாமல் நான் கதவோரம் நின்றேன்.

"முத்து அனுப்பின மண்ணை எங்கம்மா சாமி மாடத்துல வச்சாங்க" என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். "கொஞ்ச நாள்ல அவங்களுக்குக் கனவு வர ஆரம்பிச்சிச்சு. நாலு வயசுப் பொம்பளைப் பிள்ளை. நாங்க குடியிருந்த லயத்து வரிசை வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, 'எங்கம்மா எங்கன?'ன்னு கேக்குமாம். நாங்க சேலம் பக்கத்து ஆளுங்க. 'எங்கன'ங்கிற பேச்சு எங்க தோட்டத்துல யாருக்குமே தெரியாது. அப்படின்னா என்னடின்னு எங்கம்மா என்னைக் கேட்டாங்க."

அம்மா வாய்க்குக் கொண்டுபோன இடித்த வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க கனவுல வந்துச்சு. அதே பிள்ளை, அதே கேள்வி. பெரியவங்க கூடிப் பேசி, அந்த மண்ணை வச்சு லயத்து ஓரத்துல தகரக் கூரை போட்டு ஒரு சின்னக் கோயில் கட்டினாங்க. பேர் தெரியாததால பாப்பான்னு கூப்பிட்டோம். எங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்க போடுற நீல உடுப்பையே அதுக்கும் தைச்சுப் போட்டோம். போகப் போகக் கேக்கிறதை நிறுத்திருச்சு. கனவுல வந்தா பிள்ளைங்களோட விளையாடிக்கிட்டு இருக்குமாம்."

"சிரிச்சாளா?"

"சிரிக்கும்மா. முன்பல்லு பாதி உடைஞ்சிருக்கும். அதைக் காட்டிச் சிரிக்கும்."

"கெணத்தடிக் கல்லுல விழுந்து ஒடச்சா" என்றாள் அம்மா. "முட்டாயி தாரேன்னு சொல்லித்தான் அழுகையை நிப்பாட்டுனேன்."

இது எனக்குத் தெரியாத சங்கதி. செண்பகத்துக்குப் படம் கிடையாது. அப்பா இறந்து வருடங்கள் ஆகின்றன. அந்தப் பல்லைப் பற்றித் தெரிந்தவள் உலகத்தில் அம்மா ஒருத்திதான்.

தேவகி வந்த காரியத்தைச் சொன்னாள். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். எல்லாருக்கும் அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். நல்ல நாள் பார்த்துப் பாப்பாவையும் கூட்டிப்போக இருந்தார்களாம். அதற்குள் மண்வாரி இயந்திரம் வந்துவிட்டது. காலையில் வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்தால், கோயில் இருந்த இடம் சமதரை. மண்ணை லாரியில் எங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

"எப்பம்?" என்று சொர்ணம் கேட்டாள்.

"ஆடி மாசம்."

சொர்ணம் அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பம் இந்த நாத்தம்..."

"ஏட்டி! நாத்தம்னு சொல்லாத" என்று அம்மா சத்தம் போட்டாள். அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டு ரொம்ப நாள் ஆயிற்று. பிறகு என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். "ஏலே, அந்தக் கோழியளை வித்தேன்லா. பாவம்லே" என்றாள்.

தேவகி அம்மாவின் காலைத் தொட்டாள். "அந்த மேட்டுல இருந்து இன்னொரு பிடி மண்ணு கொடுங்கம்மா. எங்க பிள்ளைங்களுக்கு உடம்புக்கு முடியலைன்னா முதல்ல பாப்பாகிட்டதான் சொல்லுவோம். இப்ப யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல."

"இத்தன காலம் உங்ககிட்ட இருந்தா. இப்பம்தான் வீடு வந்திருக்கா. மறுபடியும் அனுப்பச் சொல்லுதியா தாயி?"

"எங்க பிள்ளைங்க தேடுதுங்கம்மா."

"எம் பிள்ளை என்னைத் தேடி வாசல்ல நின்னதா நீதான சொன்ன?" என்றாள் அம்மா. "இன்னைக்கு இங்கன தங்கு. நல்லாச் சாப்புடு. மண்ணு மட்டும் கேக்காத."

தேவகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லேன் என்பது போன்ற பார்வை. கடல் தாண்டி வந்து கேட்கிறவளுக்கு இல்லை என்பதா, காத்துக் காத்துக் கிழவியான அம்மாவிடம் கொடு என்பதா? நான் சந்தைக்குப் போய்வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்தபோது அம்மா கட்டிலில் இல்லை. கன்னிமூலைக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் தேங்காய் எண்ணெய், ஒரு பக்கம் சீப்பு. வாடை அன்றைக்கு மூக்கை அறுத்தது. அம்மா அதை ஆசையாக இழுத்து இழுத்து மூச்சு விட்டாள்.

"இன்னைக்கு வருவா" என்றாள்.

விடிந்த பிறகு

காலையில் நான் எழுந்து வரும்போது அம்மா பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். சீப்பு கையில் இருந்தது. சொர்ணம் காப்பி கொண்டுவந்தாள். தேவகியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்தா" என்றாள் அம்மா.

நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தோம்.

"நீலக் கலர் உடுப்பு. இந்தா, இங்கனதான் நின்னா. வாட்டி, தலை சீவி விடுதேன்னேன். வரல. பைய என்னையச் சுத்தி வந்து பாத்தா. என் கையைத் தொட்டுப் பாத்தா. பெறகு கேக்கா..." அம்மா காப்பித் தம்ளரை நகர்த்தி வைத்தாள். "ஆச்சி, எங்கம்மா எங்கனன்னு கேக்கா."

சொர்ணம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

செண்பகம் போனபோது அம்மாவுக்கு இருபத்தைந்து வயது. இப்போது எண்பது. பல் இல்லை, முடி இல்லை, காது தொங்கிவிட்டது. செண்பகத்துக்கு இன்றும் நாலு வயதுதான். அவள் தேடி வந்த முகம் இந்த வீட்டில் இல்லை.

"நாந்தாம்ட்டி உங்கம்மான்னு சொல்ல வேண்டியதுதானம்மா?" என்றேன்.

"சொன்னேம்லே. சிரிக்கா. நீ ஆச்சிங்கா."

பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். தூக்கி நிறுத்தினேன். மேட்டின் பக்கத்தில் குனிந்து, யாரையும் தொட விடாமல், தானே ஒரு பிடி மண்ணை அள்ளினாள். கீழே சிந்தியதையும் விரலால் கூட்டி எடுத்தாள். தேவகி முந்தானையை ஏந்தினாள். அதில் மெதுவாக வைத்தாள்.

"அவகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. "உங்கம்மா அங்கனதான் இருக்கா, தேவகி கூடப் போனா பாத்துரலாம்னு சொன்னேன். சரின்னுட்டா."

"அம்மா, அது..." தேவகி முந்தானையை மண்ணோடு சேர்த்துச் சுருட்டிப் பிடித்தாள்.

"பொய்தான் தாயி. பச்சப்பிள்ளைகிட்ட வேற என்னத்தைச் சொல்லச் சொல்லுத? பேரு செண்பகம். பேரைச் சொல்லிக் கூப்புடுங்க. பாப்பா பாப்பான்னா யாரையோ கூப்புடுத மாதிரி இருக்கும்."

தேவகி மண்ணை முகப்பவுடர் டப்பாவில் மாற்றி, சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். விமான நிலையத்தில் பிடித்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். நாற்பது வருடம் கழித்து நான் அவளை நீ என்று சொன்னது அப்போதுதான். "சின்னப் பிள்ளைக்கு டிக்கெட் கிடையாதுன்னு சொல்லுவேன்" என்றாள். அம்மாவும் சிரித்தாள்.

கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றோம். உள்ளே வந்தால் வாடை இல்லை. சுத்தமாக இல்லை. இத்தனை மாதம் பினாயிலோடு அலைந்த சொர்ணம், மறுநாள் விடிந்ததும் கன்னிமூலையில் குனிந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் துடைப்பம் தேடுவதுபோல நகர்ந்துவிட்டாள்.

போன வாரம் தேவகி பேசினாள். அடுக்குமாடியில் மாடிப்படிக்குப் பக்கத்தில் சின்னதாக மாடம் கட்டிவிட்டார்கள். கீழ்வீட்டு அம்மாளுக்குக் கனவு வந்ததாம். அந்த அம்மாள் வேறு ஊரிலிருந்து குடி வந்தவர், இந்தக் கதை எதுவும் தெரியாதவர்.

"செண்பகம் வந்துருச்சு முத்து" என்றாள். "ஆனா இப்ப தனியா வரலையாம். ஒரு பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு வருதாம். அது யாருன்னு எங்களுக்குத் தெரியல."

அம்மா முறத்தில் உளுந்து போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று சற்று நேரம் நின்றேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, தேவகி சொன்னதை அப்படியே சொன்னேன்.

முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு இருக்குமாம்?"

"இருபது, இருபத்தஞ்சு இருக்கும்னு சொல்லுதாங்கம்மா."

அம்மா ஒரு கல்லைக் கண்டெடுத்து வெளியே எறிந்தாள்.

"அப்பம் நாந்தான்" என்றாள்.